பால்சா விமானத்தின் வால்: முழுப் பலகையா, குச்சிச் சட்டமா?

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் கட்டுவதற்காகக் கடந்த மாசியில் கூரியரில் ஐந்து பால்சா பலகைகள் வந்தன. பால்சா மிக லேசான ஒரு மரம். ஐந்தும் ஒரே அளவு: நீளம் 1000 மில்லிமீட்டர், அகலம் 100, தடிமன் 5. அக்கா மகன் உறையைப் பிரித்த கையோடு கத்தியை எடுத்துவிட்டான். “பொறு மக்கா, முதல்ல நிறுத்துப் பாப்போம்” என்று சமையலறையிலிருந்த சின்ன டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தேன். 58, 66, 79, 84, 97 கிராம். ஒரே கடை, ஒரே விலை. எடையில் மட்டும் முதலாவதுக்கும் கடைசிக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் அதன் எடையைப் பென்சிலால் எழுதச் சொன்னேன்.

எழுதிக்கொண்டே கேட்டான்: “மாமா, வாலை ஒரே பலகைல வெட்டிரலாமா? இல்ல குச்சி வச்சுக் கட்டணுமா?”

இரண்டு விதமாகவும் கட்டிப் பறக்கவிட்டவன் நான். ஆனாலும் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. பதில் அந்தப் பென்சில் எண்களில்தான் இருக்கிறது. எது நல்ல முறை என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம் மரத்தைத் தேடுவதைவிட, கையில் வந்த மரத்தை நிறுத்துவிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் பால்சா வாங்கும் நமக்கு இது இன்னும் பொருந்தும். கடையில் நின்று ஒவ்வொரு பலகையாகத் தூக்கிப் பார்த்து எடுக்கும் வசதி நமக்கு இல்லை.

ஒப்பிடுவதற்கு ஒரு விமானத்தை வைத்துக்கொள்வோம். அவன் கட்டுவது பழகுநர் விமானம். இறக்கை 1200 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம். படுத்திருக்கும் வால், அதாவது ஸ்டெபிலைசரும் அதன் பின்னால் அசையும் எலிவேட்டரும் சேர்ந்து, 400 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 120-இல் 85 ஸ்டெபிலைசருக்கு, 35 எலிவேட்டருக்கு. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 600 மி.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கில் எடை வைக்கக் கிடைக்கும் இடமோ மையத்திலிருந்து 200 மி.மீ. முன்னால்தான்.

இந்த 600-க்கும் 200-க்கும் உள்ள உறவுதான் வால் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழைய சந்தைகளில் கிழங்கு நிறுக்க வெள்ளிக்கோல் வைத்திருப்பார்கள். அதன் நீளக் கையில் ஒரு சின்னக் கல்லை நகர்த்தினால் குட்டைக் கையில் தொங்கும் ஒரு கூடைக் கிழங்கு சமனாகும். விமானமும் அப்படித்தான். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைத்தால்தான் நேராக நிற்கும். ஆக, வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் விமானம் நாலு கிராம் கனக்கிறது.

என் முதல் விமானத்தில் இது எனக்குத் தெரியவில்லை. தராசும் வைத்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தபோது கெட்டியாக இருந்த பலகையை நல்ல பலகை என்று நினைத்து, வால் முழுவதையும் அதில் வெட்டினேன். எல்லாம் ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படம் போர்த்தி, சமன் பார்க்க விரலில் தூக்கியபோது வால் தொப்பென்று கீழே சாய்ந்தது. குளச்சலில் வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து மூக்கில் திணித்தேன். 90 கிராம் போன பிறகுதான் நேரானது. 900 கிராமுக்குத் திட்டமிட்ட விமானம் 1020 கிராமைத் தாண்டிவிட்டது. எடை கூடினால் காற்றில் நிற்கத் தேவையான வேகமும் கூடும், எடையின் வர்க்கமூலத்தின் விகிதத்தில். என் கணக்கில் அது ஆறு சதவீதம் அதிகம். கேட்பதற்குச் சின்ன எண். இறக்கும்போது சின்னதாக இல்லை. வயல் முடிகிற இடத்தில் வரப்பில் மோதியது, உள்ளே இருந்த ஈயம் நிற்காமல் முன்னே போய் மூக்கைப் பிளந்துகொண்டு வெளியே விழுந்தது. வாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். 5 மி.மீ. பலகை ஒன்றின் கன அளவு 500 கன சென்டிமீட்டர். அதனால் பலகையின் எடையை இரண்டால் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தி கிடைத்துவிடும். 58 கிராம் பலகை 116 கிலோ, 97 கிராம் பலகை 194 கிலோ. மாடல்காரர்கள் பயன்படுத்தும் பால்சா பெரும்பாலும் 100-க்கும் 200-க்கும் இடைப்பட்டது. இந்த ஐந்து பலகையும் அந்த வரம்பு ஏறக்குறைய முழுவதையும் தொட்டுவிட்டன.

நம் வாலை முழுப் பலகையில் வெட்டி, எலிவேட்டரைப் பின்னோரம் மெலிய இழைத்துவிட்டால் ஏறக்குறைய 219 கன சென்டிமீட்டர் மரம் இருக்கும். 58 கிராம் பலகையில் வெட்டினால் 25 கிராம். 79-இல் வெட்டினால் 35. 97-இல் வெட்டினால் 42. அதே வாலில் ஸ்டெபிலைசரை மட்டும் குச்சிச் சட்டமாகக் கட்டினால் (முன்னோரமும் பின்னோரமும் 10 மி.மீ. அகலம், நடுவில் ஒரு கட்டை, இரண்டு பக்கமும் 5 மி.மீ. குறுக்குக் குச்சிகள்) மொத்த மரம் 124 கன சென்டிமீட்டராகக் குறைகிறது. 79 கிராம் பலகையில் கட்டினாலும் 20 கிராம்தான்.

ஆக, லேசான பலகையை அப்படியே வெட்டியதும் நடுத்தரப் பலகையைக் குச்சியாக்கிக் கட்டியதும் ஐந்து கிராம் வித்தியாசத்தில் அருகருகே வந்து நிற்கின்றன. குச்சிக் கட்டு எப்போதும் லேசு, பலகை எப்போதும் கனம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. கனமான பலகையை அப்படியே வெட்டுவதுதான் தப்பு.

பலகையின் பெரிய பலம் நேரம். வாலின் வரைபடத்தை ஒட்டி வைத்து, கத்தியால் வெட்டி, உப்புத்தாள் போட்டால் ஒரு மணி நேரத்தில் வால் கையில் இருக்கும். குச்சிக் கட்டுக்கு இரண்டு மாலைகள் வேண்டும். பலகை உடைந்தாலும் பெரும்பாலும் ஒரே கோட்டில் உடையும், வயலில் வைத்தே ஒட்டிவிடலாம். நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்தான் நமக்கு ஓடுதளம். அறுத்த தாள் விறைத்துக்கொண்டு நிற்கும். சட்டத்தின் மேல் போர்த்திய படத்தை அது குத்திக் கிழித்துவிடும், பலகையை ஒன்றும் செய்யாது.

ஆனால் எடை சரியாக இருந்தாலும் எல்லாப் பலகையும் வாலுக்கு ஆகாது. அகலவாக்கில் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஓலை மாதிரி எளிதாகச் சுருண்டு வருகிற பலகை விமானத்தின் உடம்பில் வளைத்து ஒட்ட நல்லது, வாலுக்குக் கூடாது. வளைய மறுத்து, இன்னும் அழுத்தினால் முறிந்துவிடும் என்று கைக்குத் தெரிகிற பலகைதான் வாலுக்கு. அதன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மீன் செதில் போல மினுங்கும் புள்ளிகள் தெரியும். மாடல்காரர்கள் முதல் வகையை ஏ-கிரெய்ன் என்றும் இரண்டாவதை சி-கிரெய்ன் என்றும் சொல்வார்கள். ஒரே மரத்தை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எனக்கு விளக்கியவர் தக்கலைப் பக்கத்து ஆசாரி ஒருவர். பால்சாவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் வாங்கியதும், “இது இலவு சாதியா?” என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். பால்சாவும் நம் இலவ மரமும் தாவரவியலில் ஒரே குடும்பம். பிறகு சொன்னார்: “மரம் தண்ணி குடிச்சா நீளத்துல வளராது தம்பி, அகலத்துலதான் வளரும். ஒரு பக்கம் மட்டும் குடிச்சா குழிஞ்சிரும்.”

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் காய்ந்திருக்கும் நாட்களில்கூடக் கடல் காற்றில் ஈரம் இருக்கிறது. ஆனி மாதத்தில் நேராக ஒட்டிய பலகை வால் ஒன்று ஐப்பசியில் குழிந்த தேக்கரண்டி போல ஆனதைப் பார்த்திருக்கிறேன். வால் ஓரிரண்டு டிகிரி முறுக்கிக்கொண்டாலே விமானம் ஒரு பக்கம் இழுக்கும். செதில் தெரியும் சி-கிரெய்ன் பலகை இப்படிக் குழிவது குறைவு. இரண்டு முனைகளிலும் 10 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டை இழை குறுக்காக ஓடும்படி ஒட்டிவிட்டால் இன்னும் குறையும். படம் போர்த்துவதென்றால் இரு பக்கமும் ஒரே நாளில் போர்த்த வேண்டும். மேலே மட்டும் போர்த்திவிட்டுக் கீழே அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால், திறந்திருக்கும் பக்கம் மட்டும் ஈரம் குடித்து ஆசாரி சொன்னது நடந்துவிடும்.

குச்சிச் சட்டம் இந்த ஈரப் பிரச்சினையை வேறு வழியில் தாண்டுகிறது. முன்னோரம், பின்னோரம், குறுக்குக் குச்சிகள் என்று எல்லாமே தத்தம் நீளவாக்கில் இழை ஓடும் துண்டுகள். மரம் நீளத்தில் வளராது என்றால் சட்டத்தின் வடிவமும் மாறாது. எந்தக் குச்சியும் குழிகிற அளவுக்கு அகலமாக இல்லை. அதனால்தான் வருடம் முழுவதும் ஈரத்தில் கிடக்கப்போகும் விமானத்துக்கு, நேரம் இருந்தால், சட்டத்தையே சிபாரிசு செய்வேன்.

ஆனால் சட்டத்தைக் கெடுக்கவும் வழி இருக்கிறது, இரண்டு இடங்களில். ஒன்று குச்சிகளின் அமைப்பு. ஏணி மாதிரி நேர்க்குச்சிகளை மட்டும் வைத்தால் பார்க்க அழகு, முறுக்கினால் முறுகும். குச்சிகளைச் சாய்த்து வைத்து முக்கோணங்களாக்கினால் அதே எடையில் பல மடங்கு விறைப்பு வரும். ரயில் பாலத்து இரும்புச் சட்டங்களைக் கவனித்தால் புரியும். ஒவ்வொரு குச்சியும் தன் இடத்தில் மெதுவாக உட்கார வேண்டும். இடிக்கிற குச்சியை அமுக்கி உள்ளே தள்ளினால், பசை இறுகும்வரை பிடிக்கக் குத்திய குண்டூசிகளை எடுத்தவுடன் சட்டம் தன் பாட்டுக்கு வளையும். இடைவெளி விழுந்தால் பசையால் நிரப்பாமல் புதுக் குச்சி வெட்டுங்கள். வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டால் போதும், மழைக்காலத்தில் ஒரு முழு நாள் விடுவேன். குண்டூசியைக் குச்சியின் ஊடே குத்தாமல் இரு பக்கமும் அணைத்துக் குத்த வேண்டும். மேலிருந்து துளைத்த இடத்தில்தான் பின்னால் முறியும்.

இரண்டாவது, படம். இஸ்திரிச் சூட்டில் சுருங்கும் படத்தை ஒரு பக்கம் முழுவதும் இழுத்து முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் வாழைப்பழம் போல வளைந்துவிடும். முதலில் இரு பக்கமும் ஓரங்களை மட்டும் ஒட்டிவிட்டு, மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் என்று மாறி மாறிச் சுருக்க வேண்டும். அப்படியும் முறுக்கு வந்தால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு சூடு காட்டி, ஆறும்வரை விடாமல் இருந்தால் நேராகும். இது சட்டத்துக்கு மட்டும் இருக்கும் வசதி. குழிந்த பலகையை நேராக்குவது அவ்வளவு எளிதல்ல.

அப்படியானால் வரம்பு எங்கே? என் அனுபவத்தில், 5 மி.மீ. பலகை 60 கிராமுக்குள் இருந்து, செதிலும் தெரிந்தால் யோசிக்காமல் பலகையாகவே வெட்டலாம். 70-ஐத் தாண்டினால் சட்டம்தான். நடுவில் விழுந்தால் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 97 கிராம் பலகையில் பெரிய ஓட்டைகள் போட்டு எடையைக் குறைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். ஓட்டை போட்ட பிறகு மிச்சமிருப்பது இழை அங்கங்கே அறுந்த ஒரு சட்டம்தான். அதே மரத்தைக் குச்சியாகக் கீறிக் கட்டியிருந்தால் இன்னும் உறுதியாக வந்திருக்கும்.

நிற்கும் வாலுக்கு, அதாவது ஃபின்னுக்கும் அதன் பின்னால் அசையும் ரட்டருக்கும், இவ்வளவு யோசனை தேவையில்லை. அதன் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் அளவுதான். சட்டமாகக் கட்டினால் மூன்று நாலு கிராம்தான் மிச்சம். விமானத்தைத் தூக்கும்போதும் பைக்கில் கொண்டுபோகும்போதும் எங்காவது இடிபடுவது முதலில் ஃபின்தான். பலகையே போதும். எலிவேட்டரையும் நான் சட்டமாகக் கட்டுவதில்லை. மெல்லிய பின்னோரத்தைக் குச்சியில் கட்டினால் படம் சுருங்கும்போது அலை அலையாக இழுத்துவிடும்.

எலிவேட்டரின் விறைப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசியிலிருந்து புரட்டாசிவரை அடிக்கும் காற்றை நினைத்து, அதில் வால் படபடத்து உடைந்துவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். தரையில் நிற்கும் நமக்குத்தான் அது பலத்த காற்று. விமானத்துக்குத் தெரிவது அது காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மட்டும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்காற்றில் விமானம் நகராமல் நிற்பதைப் பார்த்து நாம் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுகிறோம், அப்போதுதான் தொளதொளப்பான எலிவேட்டர் ர்ர்ர் என்று அதிர ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே மோட்டாரைக் குறைத்து மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கீலில் தொய்வு, எலிவேட்டரை அசைக்கும் தள்ளுகம்பியில் ஆட்டம், வளையும் எலிவேட்டர் மூன்றும்தான் இதற்குக் காரணம். சட்டமா பலகையா என்பதைவிட இவை முக்கியம்.

அங்கே சுழலும் காற்றாலைகளுக்கும் நம் பலகைக்கும் ஒரு தொடர்பு உண்டு. எக்வடோரில் வெட்டும் பால்சாவில் நல்ல பங்கு உலகெங்கும் காற்றாலை இறக்கைகளின் உட்கருவாகத்தான் போகிறது. எடைக்கு இவ்வளவு விறைப்புத் தரும் மரம் வேறு எளிதில் கிடைக்காது. பால்சா என்ற சொல்லுக்கு ஸ்பானிஷ் மொழியில் தெப்பம் என்று பொருள். கட்டுமரம் ஓடிய கரையில் இருந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயே கிடைக்கும் மரத்தில் செய்ய முடியாதா என்று அக்கா மகன் கேட்டான். இலவம் பலகை பால்சாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். குலசேகரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் ரப்பர் மரம் ஏறக்குறைய நாலு மடங்கு. வாலில் ஒரு கிராமுக்கு நாலு கிராம் என்ற கணக்கோடு அதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு அவனே விட்டுவிட்டான்.

ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் ஃபோம் போர்டில் வால் வெட்டுவதும் ஒரு வழிதான். மலிவு, உடனே கிடைக்கும். ஆனால் மேலே ஒட்டிய காகிதம் நம் ஈரத்தில் உப்பி உரிகிறது. காகிதத்தை எடுத்துவிட்டால் விறைப்புப் போய்விடுகிறது. பழக்கத்துக்குக் கட்டும் விமானத்தில் வைக்கலாம், பால்சா உடம்பில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

வாலின் வடிவம் பற்றிச் சுருக்கமாக: V எழுத்துப் போல விரிந்த வி-வால் வயல் தாளில் சிக்குவது குறைவு, ஆனால் வாலை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோ இரண்டையும் ரிமோட்டில் கலந்து இயக்க வேண்டும், ஒட்டும் கோணமும் பிசகக்கூடாது. ஃபின்னின் உச்சியில் ஸ்டெபிலைசரை வைக்கும் டி-வால் தாளுக்கு மேலே தப்பி நிற்கும், ஆனால் ஸ்டெபிலைசரின் முழுச் சுமையும் மெல்லிய ஃபின்னின் உச்சியில் ஏறும். வழக்கமான வாலையே உடம்பின் அடியில் வைக்காமல் மேல்விளிம்பில் வைத்தால் தாளில் படும் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடுகிறது. முதல் விமானத்துக்கு அதுவே போதும். ரட்டரை எலிவேட்டருக்கு மேலேயே முடித்துவிட்டால் எலிவேட்டர் ஒரே துண்டாக இருக்கலாம். இரண்டாக வெட்டி நடுவில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வளைத்து இணைக்கும் வேலை மிச்சம்.

சர்வோக்களை வாலிலேயே பதித்தால் தள்ளுகம்பி குட்டையாகும், ஆட்டம் குறையும். ஆனால் 9 கிராம் சர்வோ இரண்டென்றால் 18 கிராம், அதைச் சமனாக்க மூக்கில் 54 கிராம் வேண்டும். சர்வோக்கள் இறக்கைக்கு அடியிலேயே இருக்கட்டும்.

கீல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நாலு வகையும் போட்டுப் பார்த்துவிட்டேன். தெளிவான செல்லோ டேப் ஐந்து நிமிட வேலை. லேசு, இடுக்கையும் அடைத்துவிடும். ஆனால் பங்குனி வெயிலில் அதன் பசை இளகி, வயல் தூசி ஏறி, ஒரு மாதத்தில் ஓரம் கிளம்புகிறது. ஒருநாள் சோதனைக்குச் சரி. நைலான் கீல் பெரிய விமானங்களுக்கு நல்லது. 5 மி.மீ. மரத்தில் அதற்குப் பிளவு போட்டால் மரமே மிச்சமிருக்காது, நடுவில் உள்ள இரும்பு ஊசியும் கடல் காற்றில் துருப்பிடிக்கும்.

சி.ஏ. கீல் என்பது துணி போன்ற மெல்லிய பட்டை. மரத்தின் நடுக்கனத்தில் பிளேடால் பிளவு போட்டு, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் செருகி, உடனே ஒட்டும், தண்ணீர் போன்ற சயனோ பசையை இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். எலிவேட்டருக்கு நாலு, ரட்டருக்கு மூன்று. சுத்தமான வேலை. பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சயனோ பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் நம் ஊரில் வேகமாகப் பிடிக்கும், திறந்த புட்டியும் வேகமாகக் கல்லாகும். புட்டியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

நான் கடைசியில் போய் நின்றது நூல் கீலில். வலை பின்னும் நைலான் நூலும் ஒரு ஊசியும் போதும். ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி இரண்டு பக்கமும் துளையிட்டு, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எட்டு வடிவத்தில் தைக்க வேண்டும். ஓரிடத்தில் நாலைந்து தையல், எலிவேட்டர் நீளத்தில் நாலு இடம். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டுப் பசை. இரண்டு ஓரங்களையும் முன்பே உருட்டி இழைத்துவிட்டால் இடுக்கே தெரியாமல் அசையும். துருப்பிடிக்காது, பசை கல்லானாலும் கவலையில்லை, வயலில் அறுந்தால் அங்கேயே தைத்துவிடலாம். தூண்டில் நரம்பு வேண்டாம். அது வழுக்கும், முடிச்சும் நிற்காது.

எந்த வாலாக இருந்தாலும் ஒட்டும் நாளில் கெடுத்துவிடக்கூடாது. இறக்கையைப் பொருத்திவிட்டு, மூக்கின் நடுவில் ஒரு குண்டூசி குத்தி, இழுபடாத நூலால் அங்கிருந்து ஸ்டெபிலைசரின் இரண்டு முனைக்கும் உள்ள தூரத்தை அளந்து சமமாக்குங்கள். பின்னால் நின்று இறக்கையும் ஸ்டெபிலைசரும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபின்னுக்கு மூலைமட்டம் வையுங்கள். ஒட்டும் இடத்தில் மட்டும் படத்தை எடுக்க வேண்டும், பசை மரத்தைப் பிடிக்க வேண்டும் அல்லவா. அதைக் கத்தியால் கீறாதீர்கள். படத்தோடு அடியிலுள்ள மரமும் மயிரிழை அளவு கீறுபடும், ஸ்டெபிலைசர் மிக அதிகமாகச் சுமை தாங்கும் இடம் அதுதான். ஒருநாள் வானத்தில் அந்தக் கோட்டில் மடியும். சால்டரிங் இரும்பின் நுனியை லேசாக ஓட்டினால் படம் உருகிப் பிரிந்துவிடும், மரத்துக்குக் காயமில்லை.

அக்கா மகனின் வாலுக்கு என்ன ஆனது? 58 கிராம் பலகையைத்தான் அவன் ஆசையாக எடுத்தான். வளைத்துப் பார்த்தால் ஓலை மாதிரி சுருண்டது. செதிலும் இல்லை. பலகை வாலுக்கு ஆகாது என்று அவனே சொன்னான். அதனால் ஸ்டெபிலைசரைச் சட்டமாகக் கட்டினோம். முன்னோரமும் பின்னோரமும் கெட்டியான 84 கிராம் பலகையில், நடுக்கட்டையும் குறுக்குக் குச்சிகளும் அந்த 58-இல். 66 கிராம் பலகையில் செதில் நன்றாகத் தெரிந்தது. எலிவேட்டரும் ஃபின்னும் ரட்டரும் அதில் வெட்டினோம். படம், நூல், பசை எல்லாம் சேர்ந்து வால் முழுவதும் 36 கிராம். என் முதல் விமானத்தின் வாலை இதேபோலக் கணக்குப் போட்டால் 67 வருகிறது.

பங்குனி முதல் வாரம், காலை ஆறரை மணி, பூதப்பாண்டிப் பக்கம் அறுவடை முடிந்த வயல். தேரூர், சுசீந்திரம் குளங்களின் பக்கம் நாங்கள் போவதில்லை, அது பறவைகளின் இடம். காற்று இன்னும் எழவில்லை. விரலில் தூக்கிச் சமன் பார்த்தோம். பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளியதும் நேராக நின்றது. ஈயம் தேவைப்படவில்லை. நான் எறிந்தேன், அவன் கையில் ரிமோட். எலிவேட்டரில் இரண்டு கிளிக் கீழே என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு நிமிடம் கழித்துத் தாளின் மேல் உட்கார வைத்தான். வாலில் ஒரு கிழிசல்கூட இல்லை.

97 கிராம் பலகை இன்னும் மூலையில் பென்சில் எழுத்தோடு அலமாரியில் இருக்கிறது. அடுத்த விமானத்தில் மோட்டார் உட்காரும் மூக்குப் பகுதியை அதில் வெட்டலாம் என்று அவன் ஒதுக்கி வைத்திருக்கிறான்.